வீட்டில் படிக்கும் கணித மீத்திறன் குழந்தைக்கு எந்தப் பாடத்திட்டம்?

ஏழு வயதுக் குழந்தை மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஆறே வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டால், பெற்றோர் பெரும்பாலும் நான்காம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதையும் குழந்தை இரண்டு மாதத்தில் முடித்துவிடும். இப்படியே போய்ப் பத்து வயதில் இயற்கணிதத்தைத் தொடும்போது, முதன்முறையாக ஒரு கணக்கு உடனே வராமல் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தனக்குக் கணக்கே வராது என்று குழந்தை அழத் தொடங்குகிறது. திறமை ஒரே நாளில் வற்றிவிடுவதில்லை. விடை தெரியாத ஒன்றின் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டிய தேவை அந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாளும் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக் கல்வியில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களோடு பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். பாடத்திட்டம் தேர்வதைப் பற்றிய பேச்சு இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இந்தத் தேர்வு மிகப் பெரிய அளவில் பெற்றோர் கையில் விடப்பட்டிருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே 1993ஆம் ஆண்டுக்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது. சில மாநிலங்கள் அவ்வப்போது தேர்வோ மதிப்பீடோ கேட்கும். சில ஓர் அறிவிப்புக் கடிதத்தைக்கூடக் கேட்பதில்லை. விதிகள் எப்படி இருந்தாலும், எந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துவது என்பது பெரும்பாலும் பெற்றோரின் முடிவே. 2016இல் அந்நாட்டின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 17 லட்சம் பிள்ளைகள், அதாவது பள்ளி வயதினரில் 3.3 விழுக்காட்டினர், வீட்டில் படித்தார்கள். பெருந்தொற்று வந்த 2020இல், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக் கல்வியைத் தேர்ந்தவர்களின் பங்கு வசந்த காலத்தில் 5.4 விழுக்காடாக இருந்து இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடாக உயர்ந்ததை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பதிவு செய்தது. சமயம், பாதுகாப்பு, உடல்நலம் என்று இவர்களின் காரணங்கள் பல. பிள்ளை வகுப்பின் வேகத்துக்குள் அடங்கவில்லை என்பதற்காகவே பள்ளியிலிருந்து எடுத்தவர்களும் இவர்களில் உண்டு. புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

வயதை மிஞ்சிய திறனைக் குறிக்கும் மீத்திறன் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் புத்தகத் தேர்வில் நடக்கும் பிழைகளில் பாதி இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருகிறது. 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர், கணிதத்தில் வயதை முந்திச் செல்லும் சிறாரைப் பற்றிய நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். கல்லூரியில் சேரவிருக்கும் பதினேழு வயதினருக்கான எஸ்ஏடி தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது அவர் செய்த முக்கியமான காரியம். ஐந்து கிலோ வரை மட்டுமே காட்டும் தராசில் எட்டுக் கிலோவும் பன்னிரண்டு கிலோவும் ஒரே எடையாகத்தான் தெரியும். வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளின் நிலையும் அதுதான். அவர்களுக்குள் இருக்கும் பெரிய வேறுபாடு, மேல்வகுப்புத் தேர்வை வைத்துப் பார்க்கும்போதுதான் வெளிப்பட்டது. வீட்டில் பாடம் நடத்துபவர்களுக்கு இதில் நேரடியான பயன் ஒன்று உண்டு. ஒரு புத்தகத்தில் குழந்தை எல்லாக் கணக்குகளையும் சரியாகப் போடுகிறது என்றால், அந்தக் குழந்தையைப் பற்றி அந்தப் புத்தகம் நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்று பொருள்.

சோவியத் உளவியலாளர் வதிம் குருதெட்ஸ்கி 1968இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கணிதத் திறன் மிக்க சிறார், எண்களுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பை முதல் பார்வையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். சிந்தனையின் படிகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஒரு வழி அடைபட்டால் தயங்காமல் இன்னொன்றுக்கு மாறுகிறார்கள். வந்த வழியே திரும்பிப் போகவும் அவர்களால் முடிகிறது. வேகமாகக் கணக்கிடுவதும் எண்களை நினைவில் வைத்துக்கொள்வதும் இந்தத் திறனுக்குக் கட்டாயமான கூறுகள் அல்ல என்றும் அவர் எழுதினார். வாய்ப்பாடு சொல்லத் தடுமாறுவதாலேயே ஒரு குழந்தையைச் சாதாரணப் பயிற்சி ஏட்டோடு கட்டிப்போடும் பெற்றோரும், மின்னல் வேகத்தில் பெருக்குவதாலேயே மேதை என்று முடிவுகட்டும் பெற்றோரும் இந்தக் கருத்தைச் சற்று நேரம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிப் புத்தகங்களுக்கு வருவோம். அமெரிக்க வீட்டுக் கல்விக் குடும்பங்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் பத்துப் பதினைந்து இருந்தாலும், அவற்றின் கட்டமைப்பை வைத்துப் பார்த்தால் வகைகள் மிகச் சிலவே. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது சாக்சன் கணிதம். விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று ஓக்லஹோமாவில் கல்லூரி ஆசிரியரான ஜான் சாக்சன் 1981இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கி வெளியிட்ட இயற்கணிதப் புத்தகத்திலிருந்து வளர்ந்த வரிசை இது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சிறு துணுக்கு மட்டுமே புதிதாக வரும். அதன்பின் இதுவரை படித்தவற்றையெல்லாம் கலந்து ஏறத்தாழ முப்பது கணக்குகள் இருக்கும். மறந்துபோகும் குழந்தைக்கு இந்த ஓயாத மீள்பயிற்சி பெரிய துணை. ஆனால் ஒருமுறை பார்த்ததை மறக்காத குழந்தைக்கு, முப்பதில் இருபத்தேழு போன மாதமே தெரிந்தவையாக இருக்கும். அப்படிப்பட்ட குழந்தை நாளடைவில் கவனக்குறைவாகப் போடத் தொடங்கும், விடைகள் பிழையாகும், பிழைகளைப் பார்த்த பெற்றோர் இன்னும் பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்வார்கள். இந்தச் சுழலில் மாட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் மீது குற்றமில்லை, அது வேறொரு குழந்தைக்காக எழுதப்பட்டது.

இரண்டாவது சிங்கப்பூர் கணிதம். 1965இல் தனிநாடான சிங்கப்பூர், 1980இல் தனக்கென்று ஒரு பாடத்திட்ட வளர்ச்சி நிறுவனத்தை உருவாக்கி, 1980களில் தொடக்கப் பள்ளிக்கான கணித நூல்களைத் தானே எழுதிக்கொண்டது. 1995இல் நடந்த டிம்ஸ் பன்னாட்டு மதிப்பீட்டில் நான்காம், எட்டாம் வகுப்புகள் இரண்டிலும் அந்த நாடு கணிதத்தில் முதலிடம் பெற்ற பிறகு, அமெரிக்க வீட்டுக் கல்விக் குடும்பங்கள் அந்தப் புத்தகங்களைத் தேடி வாங்கத் தொடங்கின. முதலில் கையால் தொட்டுப் பார்க்கும் பொருள், பிறகு படம், கடைசியில் குறியீடு என்பது இவற்றின் வரிசை. இவற்றின் உயிர்நாடி, கணக்கைப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் முறை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். குமரனிடம் உள்ள கோலிகள் வள்ளியிடம் உள்ளவற்றைப் போல மூன்று மடங்கு. குமரன் 24 கோலிகளை வள்ளிக்குக் கொடுத்ததும் இருவரிடமும் சம அளவு இருக்கிறது. குமரனிடம் முதலில் எத்தனை? பெரியவர்கள் உடனே எக்ஸ் என்று எழுதுவார்கள். எட்டு வயதுக் குழந்தை குமரனுக்கு மூன்று கட்டங்களையும் வள்ளிக்கு ஒரு கட்டத்தையும் வரைகிறது. சமமாக வேண்டுமானால் குமரனிடமிருந்து ஒரு கட்டம் இந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கண்ணால் பார்க்கிறது. ஆகவே ஒரு கட்டம் 24, மூன்று கட்டம் 72 என்று சொல்லிவிடுகிறது. சமன்பாடு என்ற சொல்லே தெரியாமல் சமன்பாட்டின் சாரத்தை அது புரிந்துகொண்டுவிட்டது. மீத்திறன் குழந்தைக்கு இந்த வரிசையைத் தேர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாடநூலும் சாதாரணப் பயிற்சி ஏடும் மட்டும் போதாது. அதே வரிசையில் கடினமான சொற்கணக்குகளுக்கென்று தனியாக வரும் ஏடுகளில்தான் இந்தக் குழந்தைக்கான வேலை இருக்கிறது. பயிற்சி ஏட்டில் பாதியைத் தாண்டிப் போனாலும் தவறில்லை; கடினக் கணக்குகளைத் தாண்டிப் போகக் கூடாது.

மூன்றாவது, மாணவர்களுக்கான கடினமான கணிதப் போட்டிகளான கணித ஒலிம்பியாட் மரபிலிருந்து வந்தது. அமெரிக்காவின் தேசியக் கணித ஒலிம்பியாடில் 1989இல் வெற்றியாளர்களில் ஒருவரான ரிச்சர்ட் ரஸிக், நண்பருடன் சேர்ந்து 1993இல் ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் என்ற நூலை எழுதினார். 2003இல் அதே பெயரில் இணையத்தளம் உருவாகி, பிறகு பாடநூல் வரிசையும் இணைய வகுப்புகளும் வந்தன. தொடக்க வகுப்புச் சிறாருக்காக 2012இலிருந்து பீஸ்ட் அகாடமி என்ற வரிசை வெளிவருகிறது. அதில் குட்டி அரக்கர்கள் படிக்கும் பள்ளியைப் பற்றிய படக்கதையாகப் பாடம் ஓடும், கூடவே ஒரு பயிற்சி ஏடு வரும். படக்கதையை ஒரே மாலையில் படித்து முடித்துவிட்டுப் பாடம் முடிந்தது என்று குழந்தைகள் அறிவித்துவிடுவதுண்டு; பெற்றோரும் நம்பிவிடுவார்கள். கதை வெறும் வாசல்தான். பயிற்சி ஏட்டில் நட்சத்திரம் போட்ட கணக்குகளில்தான் நாட்கள் செலவாகும், செலவாகவும் வேண்டும்.

மேல்வகுப்புப் பாடநூல்களில் இந்த நிறுவனம் செய்த முக்கியமான மாற்றம், வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியது. நம் பாடநூல்கள் முதலில் விதியைச் சொல்லும், பிறகு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டும், கடைசியில் அதே அச்சில் இருபது கணக்கு கொடுக்கும். இந்த நிறுவனத்தின் நூல்களில் ஒவ்வொரு பகுதியும் விதி சொல்லப்படாத கணக்குகளோடு தொடங்குகிறது. மாணவர் முட்டி மோதிப் பார்த்த பிறகே விளக்கம் வருகிறது. விதி அந்த விளக்கத்தின் முடிவில் மாணவரின் சொந்தக் கண்டுபிடிப்பு போல வந்து சேர்கிறது. அமெரிக்கப் பள்ளி வரிசையான இயற்கணிதம், வடிவியல், மீண்டும் இயற்கணிதம், நுண்கணிதம் என்ற ஒற்றைத் தண்டவாளத்தில் இடமே பெறாத, முழு எண்களின் பண்புகளை ஆராயும் எண்ணியலுக்கும், எண்ணும் முறைகள் மற்றும் நிகழ்தகவுக்கும் தனித்தனி நூல்கள் இருப்பது இந்த வரிசையின் இன்னொரு பலம். பத்து வயதில் இயற்கணிதத்தை நெருங்கிவிட்ட குழந்தையை மேலே மேலே தள்ளாமல் பக்கவாட்டில் அகலமாக நடக்கவைக்க இந்த இரண்டு துறைகளையும்விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கடினம் என்பதைச் சொல்லில் விளக்குவதைவிட ஒரு கணக்கை வைத்துக் காட்டிவிடலாம். நியூஜெர்சியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தான். முக்காலையும் ஆறில் ஒன்றையும் கூட்டு என்றால் பகுதியை 12 ஆக்கிச் சில விநாடிகளில் சொல்லிவிடுவான். அப்படி நாற்பது கணக்கு போட்டால் அவனுக்குக் கை வலிக்கும், வேறொன்றும் நடக்காது. அவன் அம்மா ஒருநாள் சமையலறை மேசையில் வேறொன்றைக் கேட்டார்: தொகுதியில் 1 மட்டுமே உள்ள, ஒன்றுக்கொன்று வேறான மூன்று பின்னங்களின் கூடுதல் சரியாக 1 ஆக வேண்டும், எத்தனை வழிகளில் முடியும்?

கால் மணி நேரத்தில் பையன் ஒன்றைக் கண்டுபிடித்தான்: அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. வேறு இருக்கிறதா என்று அம்மா கேட்டார். தேடினான், கிடைக்கவில்லை. இல்லை என்றான். இல்லை என்று எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் கணிதம் தொடங்கியது. மறுநாள் மாலை அவனே வந்து சொன்னதன் சாரம் இது: அரை இல்லாமல் முடியவே முடியாது, ஏனென்றால் அரையை விட்டுவிட்டு மிகப் பெரிய மூன்றை எடுத்தாலும் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று சேர்ந்து அறுபதில் நாற்பத்தேழுதான். ஆகவே அரை கட்டாயம். மீதி அரையை இரண்டால் நிரப்ப வேண்டும். அதில் மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் நான்கில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்தாலும் அரைக்குப் போதாது. ஆகவே மூன்றில் ஒன்றும் கட்டாயம். பிறகு எஞ்சுவது ஆறில் ஒன்று மட்டுமே. அந்தப் பையன் இதற்குள் எத்தனை பின்னங்களைக் கூட்டிப் பார்த்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஆனால் அந்த நாற்பதும் ஒரு கேள்விக்காகக் கூட்டப்பட்டவை. அதோடு, ஒன்று இல்லை என்பதை நிரூபிக்க முடியும் என்ற கருத்தை ஒன்பது வயதில் அவன் தன் கையால் தொட்டுவிட்டான்.

அதே வாரம் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பாட்டியிடம் இதை அவன் சொன்னபோது, அவர் தம் பங்குக்கு அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பழைய தமிழ்ப் பின்னப் பெயர்களைச் சொல்லி, இந்த நான்கையும் கூட்டினால் ஒன்றுக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டாராம். சரியாக ஒரு மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, குறையும். முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர் வைத்து அன்றாடம் புழங்கிய மொழி நம்முடையது. வீட்டில் பாடம் நடத்தும் தமிழ்ப் பெற்றோர் பின்னப் பாடத்தின்போது அந்தப் பெயர்களையும் எடுத்துக் கொடுக்கலாம் என்பது என் ஆசை.

வேகமாக முன்னேறுவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்புகளைத் தாண்டிப் படித்த மீத்திறன் சிறார் படிப்பில் நன்றாகவே செய்கிறார்கள் என்பதற்கு ஸ்டான்லியின் ஆய்விலும், பல ஆய்வுகளைத் தொகுத்து அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து 2004இல் வந்த அறிக்கையிலும் வலுவான சான்றுகள் இருக்கின்றன. தெரிந்ததையே ஓராண்டு முழுவதும் படிக்கவைப்பது குழந்தைக்குச் செய்யும் அநீதி; அந்த ஓராண்டைச் சுருக்கத்தான் வேண்டும். என் கவலை, சுருக்கிக் கிடைத்த நேரத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் நுண்கணிதம் என்பது உறவினரிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். ஆனால் வழக்கமான பள்ளிப் பாடத்திட்டங்கள் சராசரி மாணவரின் தேவையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவதால் அவை மீத்திறன் மாணவருக்கானவை ஆகிவிடுவதில்லை. நுண்கணிதத்தை நோக்கிய இந்த ஓட்டத்தை ஒரு பொறி என்றே ரஸிக் எழுதியிருக்கிறார், நானும் அதை ஏற்கிறேன். எனவே என் பரிந்துரை, எளிய பகுதிகளை வேகமாகக் கடப்பதும் ஒவ்வொரு தலைப்பின் கடினமான முனையில் நின்று நிதானிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதே.

எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வயதும் வகுப்பும் விடையாகா. நல்ல பதிப்பகங்கள் தங்கள் நூல்களுக்கு இலவச நுழைவுத் தேர்வுகளை வைத்திருக்கின்றன. ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் வரிசையில் ஒவ்வொரு நூலுக்கும், இதற்கு நீ தயாரா என்று ஒரு தேர்வும், இது உனக்கு இன்னும் தேவையா என்று ஒரு தேர்வும் இருப்பது மிக நல்ல ஏற்பாடு. இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். பிறகு பத்துக் கடினக் கணக்குகளைக் குழந்தை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். என் அனுபவத்தில் நான் பின்பற்றும் அளவு இது: ஆறேழு கணக்குகள் யோசித்தபின் வர வேண்டும், இரண்டு மூன்று ஒரு சிறு குறிப்பு கிடைத்தபின் வர வேண்டும், ஒன்றாவது அன்றைக்கு வராமல் போக வேண்டும். பத்தும் வந்துவிட்டால் புத்தகம் எளிது. நான்குதான் வருகிறது என்றால் அடித்தளத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அல்லது ஆறு மாதம் முந்திக்கொண்டுவிட்டோம்.

எழுதும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மனத்துக்குள்ளேயே விடையைக் கண்டுவிடும் குழந்தைகள் வழிமுறையை எழுத மறுப்பார்கள். எளிய கணக்குகளுக்கு எழுதச் சொல்லி வற்புறுத்துவது சண்டையில் முடியும். குழந்தையின் பக்கம் நியாயமும் இருக்கிறது, எழுதத் தேவையில்லாத கணக்கு அது. கணக்கு தலைக்குள் அடங்காத அளவுக்குக் கடினமானால் தாளின் தேவை குழந்தைக்கே புரியும். கையெழுத்தில் உண்மையான சிரமம் உள்ள குழந்தைகளும் உண்டு. மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது அரிதல்ல. அவர்கள் சொல்லச் சொல்லப் பெற்றோர் வெள்ளைப் பலகையில் எழுதினால் போதும். சிந்தனைக்கு முன்னால் கை தடையாக நின்றுவிடக் கூடாது.

பெற்றோருக்குக் கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? தொடக்கநிலையில் அதிகம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. விடையை முன்கூட்டியே சொல்லிவிடாமல் இருப்பது படித்த பெற்றோருக்கு, குறிப்பாகப் பொறியாளர்களுக்கு, மிகக் கடினமான காரியமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பதினோரு, பன்னிரண்டு வயதுக்கு மேல் பெற்றோரால் தொடர முடியாத இடம் வந்தே தீரும். முழு விளக்கத்தோடு தனித் தீர்வு நூல் இருக்கிறதா என்பதை அப்போது பார்க்க வேண்டும். வெறும் விடைப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. இணைய வகுப்புகளில் சேர்ப்பதானால் அவை நடக்கும் விதத்தையும் பாருங்கள். சில வகுப்புகளில் ஆசிரியரின் முகமும் குரலும் இருக்காது, எல்லாம் எழுத்திலேயே நடக்கும். விரைவாகப் படித்து விரைவாகத் தட்டச்சு செய்யும் குழந்தைக்கு அது சொர்க்கம், மற்றவர்களுக்குப் பெரும் பாடு.

வீட்டில் படிக்கும் குழந்தைக்குப் புத்தகத்தைவிட அரிதாகக் கிடைப்பது, தன்னைப் போலவே கணக்கில் பைத்தியமான இன்னொரு குழந்தை. கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய கணித வட்டம் என்ற மரபு அமெரிக்காவில் 1990களில் வேரூன்றியது. பெர்க்லியில் 1998இலிருந்து நடக்கும் வட்டம் பெயர்பெற்றது. ஒரு பல்கலைக்கழக அறையில் வாரம் ஒருமுறை கூடி, ஒரே புதிரைப் பத்துப் பேர் சுற்றி நின்று கடிக்கும் அந்த அனுபவத்தை எந்தப் பாடநூலும் தந்துவிட முடியாது. போட்டிகளும் துணைசெய்யும். அமெரிக்கக் கணிதப் போட்டி வரிசையில், எட்டாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கான ஏஎம்சி 8 தேர்வில் 40 நிமிடத்தில் 25 கேள்விகள். அதற்கு மேல் ஏஎம்சி 10 தேர்வில் 75 நிமிடத்தில் 25 கேள்விகள். அதில் முன்னணியில் வருபவர்கள் எழுதும் ஏஐஎம்இ தேர்வில் மூன்று மணி நேரத்துக்குப் பதினைந்தே கேள்விகள். கடைசித் தேர்வின் கணக்குகள் எவ்வளவு ஆழமானவை என்பதை ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற அந்த விகிதமே சொல்லிவிடும். பழைய கேள்வித்தாள்களை நேரக் கட்டுப்பாடு இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று போட்டுப் பார்ப்பதே ஒரு பாடத்திட்டம்தான். கடிகாரத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நல்ல புத்தகமே வேண்டாம், திறமை இருந்தால் போதும் என்பதற்கு இராமானுஜனைச் சான்று காட்டுவது நம்மிடையே வழக்கம். கும்பகோணத்தில் 1903இல் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் தொகுப்பு நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அடுக்கிய நூல். முழுமையான நிரூபணங்கள் அதில் மிகக் குறைவு. நிரூபணங்களை அவரே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அது அவரைப் பெரும் கணிதராக்கியது என்பது உண்மை. முடிவை மட்டும் எழுதிவைத்து வழியை விட்டுவிடும் அந்த நூலின் நடை அவருடைய குறிப்பேடுகளிலும் படிந்ததும் அதே அளவு உண்மை. நிரூபணம் என்றால் என்ன என்பதில் அவருக்குத் தெளிவு குறைவாக இருந்தது என்று அவரை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதர் ஹார்டி பின்னாளில் எழுதினார். சிறு வயதில் கையில் கிடைக்கும் புத்தகம் தன் சாயலை வாழ்நாள் முழுவதற்கும் பதித்துவிடுகிறது என்பதற்கே நான் இதைச் சான்றாகக் கொள்கிறேன். வேறு பாடங்களைக் கைவிட்டதால் அவர் கல்லூரி உதவித்தொகையை இழந்து பட்ட துன்பமும் வீட்டில் கற்பிப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று.

தமிழ்நாட்டில் இந்த வழியை எண்ணுபவர்களுக்குப் புத்தகத்தைவிடச் சான்றிதழே பெரிய கவலை. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுத முடியும். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், பத்து வயதிலேயே அந்தப் பாடத்தை முடித்துவிடும் குழந்தைக்கு நான்கு ஆண்டுகள் ஆழமாகப் படிக்கக் கிடைக்கின்றன. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் ஒருமுறை செய்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஏழாம் வகுப்புக்குப் பின் பள்ளியை விட்டு வீட்டில் கற்ற மும்பை மாணவி ஒருவரிடம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடிகளில் சேர வழி இல்லை. அவருடைய கணித அறிவு முதுகலைப் பாடத்துக்குப் போதுமானது என்று கண்டு இந்தக் கழகம் சேர்த்துக்கொண்டது. கணினி நிரலாக்கப் போட்டியான பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்ற அந்த மாணவியை 2016இல் அமெரிக்காவின் எம்ஐடி எடுத்துக்கொண்டது.

புத்தகத்தை எப்போது மாற்றுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுகை ஒரு நாள் வந்தால் மாற்ற வேண்டாம். மூன்று வாரம் தொடர்ந்து புத்தகத்தைத் திறக்கவே மறுத்தால் மாற்றலாம், அல்லது ஒரு நிலை கீழே இறங்கலாம். பாதியில் விடுவதில் வெட்கமில்லை. ஆறு மாதம் கழித்து அதே புத்தகத்துக்குத் திரும்பி ஆசையோடு படித்த குழந்தைகள் உண்டு. பாடம் முடிந்த பிறகும் குழந்தை அந்தக் கணக்கைப் பற்றிச் சாப்பாட்டு மேசையிலும் காரிலும் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடரலாம் என்று பொருள்.

நியூஜெர்சிப் பையன் அந்தப் பின்னக் கணக்கை அங்கேயே விட்டுவிடவில்லை. மூன்றுக்குப் பதில் நான்கு பின்னங்கள் என்றால் என்ன ஆகும் என்று அவனே கேட்டுக்கொண்டு, தனி நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினான். மொத்தம் ஆறு வழிகள் இருக்கின்றன. நான் கடைசியாகக் கேட்டபோது மூன்று வாரத்தில் ஐந்து கிடைத்திருந்தன. ஆறு என்பது அம்மாவுக்குத் தெரியும், அவர் இன்னும் சொல்லவில்லை.